இருபத்துமூன்றாம் நம்பர்

அத்தியாயம் 11

பட்டியலில் இருபத்துமூன்றாவது பெயரைப் பார்த்ததும் சண்முகசுந்தரி கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாளே, போன வாரம் அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். டம்ளரை எடுத்து வைத்தாள். தண்ணீரைத் துடைத்தாள். செல்போனை மறுபடி எடுத்து அந்தப் பட்டியலைப் பார்த்தாள். பெயர் எங்கேயும் ஓடிப்போகவில்லை, அங்கேயேதான் இருந்தது.

செந்தூர்வேல், எஞ்சின் ரூம், சொந்த ஊர் தூத்துக்குடி முத்தையாபுரம்.

பொங்கல் கழிந்து நேவிக் கப்பலுக்குப் போன மனுஷன். மார்ச்சில் லீவு என்றார்கள், ஊரடங்கு வந்தது. ஏப்ரல் என்றார்கள், மே என்றார்கள், கொரோனா எல்லாவற்றையும் விழுங்கியது. கடைசியில், தீவு நாடுகளில் மாட்டிக்கொண்ட நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர் கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே வந்தது. வந்தவர்களை இறக்கிவிட்டுப் பதினைந்து நாளாக நிற்கிறது. வீட்டிலிருந்து பைக்கில் கால் மணி நேரம். இறங்கத்தான் அனுமதி இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான்.

இப்போது இருபத்துநாலு பேருக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள். பதினாலு நாள் கப்பலுக்குள்ளேயே தனித்தனியாக வைத்தாயிற்று. காலையில் மூக்கில் குச்சி, சாயங்காலம் முடிவு. நெகட்டிவ் என்றால் ஆறு மணிக்கு வேன் வீட்டு வாசலில் இறக்கிவிடும்.

மூக்கில் குச்சி விடப் போவது யார்? சுகாதாரக் குழுவின் நர்ஸ் சண்முகசுந்தரி. சாட்சாத் அவர் பெண்டாட்டியேதான்!

சொந்தக்காரர் பட்டியலில் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், வேறு ஆளைப் போடுவார். அது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. ஐந்து மாதமாகப் போனில் மட்டும் பார்த்த முகத்தை ஒரு தரம் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறேனே, அதற்குக்கூட இந்த ஊரில் பாஸ் வாங்க வேண்டுமா என்று அவளுக்கு ஒரு வீம்பு.

காலை ஐந்தரைக்கு அவள் கிளம்பும்போது மாமனார் வன்னியபெருமாள் கடையைத் திறந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு முன்பக்கம் பலசரக்குக் கடை, பின்பக்கம் ஒரு ஹால், ஒரு ரூம். வாசலில் கூட்டம் நெருக்காமல் நிற்க வரிசையாகச் சுண்ணாம்பு வட்டங்கள். கடைசி வட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய வட்டம். அதற்குள் கோணல்மாணலாக 'அப்பா' என்று எழுதியிருந்தது.

"ஒன் மவ வேலைதான்," என்றார் மாமனார். "நேத்தே போட்டுட்டா. அப்பா வந்தா மொதல்ல இதுக்குள்ளதான் நிக்கணுமாம். கையில சானிடைசர் ஊத்திட்டுத்தான் உள்ள விடுவாளாம்."

இவ்வளவு பேசுவதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. இடுப்பிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். இருபது வருஷ ஆஸ்துமா.

"சும்மா இரிங்க மாமா, பேசாதிய. இன்னும் டெஸ்ட்டே எடுக்கல. அதுக்குள்ள ஆசப்படக் கூடாது."

"ஆசப்படுததுக்கும் பாஸ் வாங்கணுமா?" என்று சிரித்தார் அவர். "முந்திரி மக்ரூன் வாங்கி வச்சிருக்கேன். ரூம ஒழிச்சு அவனுக்குப் பாய் விரிச்சாச்சு. நீ போயிட்டு வா தாயி."

ஆறு வயது பொன்செல்வி தூக்கக் கண்ணோடு வாசலுக்கு வந்து, "அம்மா, அப்பாவுக்கு மூக்குல மெதுவா விடச் சொல்லு," என்றாள். யார் விடப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

கப்பல் நிற்கும் பெர்த்துக்கு எதிரே சாமியானாப் பந்தல். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று உப்பளத்துத் தூசியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து அடித்தது. கவச உடையை மாட்டிக்கொண்டால் யார் யார் என்று தெரியாது என்பதால் ஜெப்ஸி எல்லார் முதுகிலும் மார்க்கரால் பெயர் எழுதுவாள். சாயர்புரத்துப் பிள்ளை, ஆறு மாதமாகச் சுந்தரியோடு ஒரே குழு.

"எனக்கு எழுதாதளா," என்றாள் சுந்தரி.

"ஏங்கா?"

"சும்மாதான். இன்னைக்கு வேண்டாம்."

ஜெப்ஸி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். சுந்தரி அக்காவின் வீட்டுக்காரர் நேவியில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது. ஏனென்றால் அக்கா சொன்னதே இல்லை. ஜெப்ஸி புருஷனை 'ஏலே கிருபை' என்று தெருமுனையில் நின்று கூப்பிடுகிறவள். சுந்தரி அப்படியா?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவைகுண்டத்தில், கல்யாணப் பந்தலில் வைத்தே, அம்மா பேச்சித்தாய் காதில் ஓதிவிட்டாள். "ஏளா, புருசன் பேர வாயால சொன்னா ஆயுசு கொறையும். அதுலயும் கடல்ல கெடக்க ஆளு. பாத்துக்க." அன்றைக்குக் கட்டிய வாய். பேங்கில் கணவர் பெயர் கேட்டால் ஆதார் கார்டை நீட்டுவாள். திருச்செந்தூர் போக பஸ் ஏறினால் ஊர் பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று, "முருகன் கோயிலுக்கு ஒண்ணு குடுங்கண்ணே," என்பாள். கண்டக்டர் எந்த முருகன் கோயில் என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். நர்சிங் படித்தவள், ஆயுசு எதில் கூடும் எதில் குறையும் என்று தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். ஆனாலும் வாய் வராது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

டாக்டர் தனராஜ் வழக்கம்போல ஒரு தரம் சொன்னார். "பேரைச் சத்தமாக் கூப்பிடணும். வந்தவர் திருப்பிச் சொல்லணும். டியூப்ல ஒட்டியிருக்கிற பேரை வாசிக்கணும். மூணும் ஒண்ணா இருந்தாத்தான் குச்சியைத் தொடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

வரிசை வந்தது. இருபத்துநாலு டியூப் நிற்கும் ஸ்டாண்டு ஒன்று. ஜெப்ஸி பெயர் ஒட்டி அடுக்கியிருந்தாள். சுந்தரி கூப்பிட்டாள். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவள் டியூப்பை வாசித்தாள். பஞ்சாபி, மலையாளி, ஒடிசாக்காரர், ராமர் என்று ஒரு ராமநாதபுரத்துக்காரர். ஒவ்வொருவராக வந்து, தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இருபத்திரண்டு முடிந்தது.

அடுத்து அவர். பத்தடி தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மெலிந்திருந்தார். கொடியில் போட்டது மாதிரி தொங்கியது சட்டை. இடது மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுத் தழும்பு, போனில் இதைக் காட்டவே இல்லையே பாவி மனுஷன்!

பெயரைக் கூப்பிட வேண்டும். சுந்தரி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"அக்கா, அடுத்தது," என்றாள் ஜெப்ஸி.

"இருவத்திமூணு," என்றாள் சுந்தரி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாஸ்க்கை இறக்கினார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் போட்டிருந்த கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. ஆவியா கண்ணீரா, அந்தப் பாழாய்ப்போன கவசத்துக்குள் எது எது என்று யாருக்குத் தெரியும்? டியூப்பைத் தடவி எடுத்தாள். மகள் சொன்னபடி மெதுவாக விட்டாள். இடது கையால் அவர் பின்தலையைத் தாங்கிப் பிடித்தாள். மற்றவர்களுக்குத் தாங்கியதைவிட ஒரு நொடி அதிகம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

இருபத்துநாலாவது ஆளுக்கு ஸ்டாண்டில் ஒரே ஒரு டியூப் மிச்சம் இருந்தது. அதை எடுத்து வேலையை முடித்தாள்.

மத்தியானம் உடையைக் கழற்றிக் குளித்துவிட்டு, பந்தலுக்குப் பின்னால் எலுமிச்சைச் சோற்றைத் திறக்கும்போது போன் அடித்தது. வீடியோ கால். எடுத்தாள்.

"அது நீதானளா?" என்றார் செந்தூர்வேல்.

"எது?" என்றாள் ஒன்றும் தெரியாதவள் போல.

"நடிக்காத. இருவத்திமூணு பேரையும் பேரு சொல்லிக் கூப்புட்ட. எனக்கு மட்டும் நம்பர். இந்த ஒலகத்துல என் பேரச் சொல்லாத ஒரே பொம்பள நீதான். ஜெயில்ல கூப்புடுத மாதிரி கூப்புட்டியே!"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "கையில என்ன சூடு? சொல்லவே இல்ல?"

"அது பைப்பு பட்டுட்டு. ஆறிட்டு. நீ ஏன் பின்மண்டையப் புடிச்சு அந்த அமுக்கு அமுக்குன? நான் அப்பமே முடிவு பண்ணிட்டேன், இது நம்ம வீட்டு ஆளு கைதான்னு."

"மெதுவா. யாரும் கேட்டா எனக்குச் சோலி போயிரும்."

"செல்விகிட்ட சொல்லிரு, அப்பா ஆறு மணிக்கு வட்டத்துக்குள்ள நிப்பேன்னு. எங்க அப்பா என்ன செய்யுதாவ? இரைப்பு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு. நேத்து மூணு வாட்டி ஸ்ப்ரே அடிச்சாவ."

அவர் பேச்சை மாற்றினார். "எனக்கு அடுத்தால வந்தானே ரகுபீர் சிங்குன்னு, ரேடியோ ரூம்காரன், அவனுக்குப் பொம்பளப் பிள்ள பெறந்து ரெண்டு மாசம். இன்னும் பாக்கல. கப்பல் முழுக்கப் போட்டோ அனுப்பிட்டான். ராவோட ராவா ரயில் ஏறிருவானாம். எல்லாருக்கும் நல்லபடியா வரணும் சுந்தரி."

"வரும்," என்றாள் அவள். "முருகன் பாத்துக்கிடுவான்."

நாலே முக்காலுக்கு முடிவு வந்தது. கப்பல்காரர்கள் சாம்பிள் என்று லேபில் முதலில் பார்த்திருந்தார்கள். ஜெப்ஸி ஓடி வந்தாள். "இருவத்திமூணு பேருக்கு நெகட்டிவ்க்கா. கடைசி ஆளு ஒருத்தருக்கு மட்டும் பாசிட்டிவ். ரகுபீர் சிங். பாவம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

சுந்தரிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்? அப்பா வருகிறார் என்று வீட்டுக்குப் போன் போட எண்ணை அழுத்தவும் செய்தாள். மணி அடிப்பதற்குள் கட் செய்தாள்.

'எனக்கு மட்டும் நம்பர்.'

அவர் விளையாட்டுக்குச் சொன்னது இப்போது விளையாட்டாக இல்லை. பெயரைக் கூப்பிடவில்லை. ஆகவே அவர் திருப்பிச் சொல்லவில்லை. டியூப்பை வாசித்தாளா? கண்ணாடி முழுக்க ஆவி. தடவித்தானே எடுத்தாள். ஸ்டாண்டில் அப்போது இரண்டு டியூப் இருந்தன. அவள் எடுத்தது எது? அடுத்தவருக்கு மிச்சம் இருந்த ஒன்றை வாசிக்காமலே எடுத்தாள், ஒன்றுதானே இருக்கிறது, அதில் என்ன வாசிக்க என்று. அவர் பெயர் ஒட்டிய டியூப்பில் ரகுபீர் சிங் மூக்கில் எடுத்த குச்சி இருந்தால்? ரகுபீர் பெயரில் அவருடையது இருந்தால்?

மாறியிருக்காது, என்றது ஒரு மனசு. மாறினால் யாருக்குத் தெரியப் போகிறது, என்றது அதே மனசு. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஆறு மணிக்கு அவர் வட்டத்துக்குள் நிற்பார். செல்வி சானிடைசர் ஊற்றுவாள். மாமா மக்ரூன் பொட்டலத்தைப் பிரிப்பார். அந்த ஒற்றை ரூம் வீட்டில், ஸ்ப்ரே இல்லாமல் நாலு வார்த்தை பேச முடியாத மனுஷன். அந்தப் பக்கம், ஒன்றுமே இல்லாமல் இருந்தாலும், ரகுபீர் சிங் நோயாளிகளுக்கு நடுவே வார்டில் போய்ப் படுப்பான்.

முருகா, என்று எழுந்தாள். கால் தன்னால் டாக்டர் மேசைக்குப் போனது.

"சார், ரெண்டு டியூப் மாறிப் போயிருக்கலாம்."

தனராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த ரெண்டு?"

"கடைசி ரெண்டும் சார். இருவத்திமூணும் இருவத்திநாலும். நான் பேரு கூப்புடல."

"ஏன்?"

"அது... இருவத்திமூணு எங்க வீட்டுக்காரவ சார்."

டாக்டர் அவளையே பார்த்தார். கோபமா, இரக்கமா, அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "ஏம்மா, காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜெப்ஸியை எடுக்கச் சொல்லியிருப்பேனே. உன்னைக் கடிச்சா தின்னுருவேன்?" என்றவர், வெளியே எஞ்சின் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தார். "ஐயையோ, வேன் கிளம்பப் போகுதே! அவரை ஏற விடாதே, நிறுத்து, ஓடு! நான் ஆம்புலன்ஸை நிறுத்துறேன்."

சுந்தரி ஓடினாள். பெர்த்தின் அந்தக் கோடியில் வேன். ஆட்கள் பையோடு ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் கடைசிக்கு முந்தின ஆள்.

"இருவத்திமூணு!" என்று கத்தினாள். காற்று அதைக் கடலுக்கு அள்ளிக்கொண்டு போனது.

"ஏங்க! ஏங்க!"

வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தான். ராமநாதபுரத்து ராமர் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கடல்ல கெடக்க ஆளு. ஒன்பது வருஷம். பஸ் டிக்கெட்டில்கூடச் சொல்லாமல் காப்பாற்றிய பெயர். வீட்டுக்கு வராதே என்று தடுக்கத்தானா முதல் தடவை இந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும்?

"செந்தூர்வேல்!"

அவர் காலை எடுத்தார். மெல்லத் திரும்பினார்.

"செந்தூர்வேல்! ஏறாதிய! செந்தூர்வேல்!"

ஒரு தரம் வந்துவிட்ட பிறகு வாய் நிற்கவே இல்லை. அவர் படியைவிட்டு இறங்கி அவளை நோக்கி வந்தார். பத்தடியில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் முகத்தில் வெறும் மாஸ்க்தான் இருந்தது.

"அங்கனயே நில்லுங்க." மூச்சு வாங்கியது. "டியூப் மாறிருக்குமோன்னு பயமா இருக்கு. ஒங்களுக்கா, அந்த ரகுபீருக்கான்னு எனக்கே தெரியல. நான் பேரு சொல்லாததுனால வந்தது. மாமா இருக்க இருப்புல... வீட்டுக்குப் போவாதிய. திரும்ப எடுக்கணும்."

அவர் வேனைப் பார்த்தார். வேனுக்கு அப்பால் முத்தையாபுரம் போகிற ரோட்டைப் பார்த்தார். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"என்னாலதான்," என்று அவள் விசும்பினாள். "இப்ப பேரயும் சொல்லித் தொலைச்சுட்டேன்."

"அழாத," என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. "ஒன்பது வருசமாச் சொல்லாமச் சேத்து வச்ச ஆயுசு எம்புட்டு கெடக்கு? அதுல ஒருநா கொறைஞ்சா கொறைஞ்சுட்டுப் போவுது. ஏளா, இன்னொரு வாட்டி கூப்புடேன்."

"போங்க," என்றாள்.

வேன் இருபத்திரண்டு பேரோடு போனது. ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து ரகுபீர் சிங்கை இறக்கினார்கள். தமிழ் தெரியாத மனுஷன், என்ன நடந்தது என்று செந்தூர்வேல் இந்தியில் சொன்னதும், சுந்தரியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான். அவளால் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

பந்தலில் இரண்டு நாற்காலி, தள்ளித் தள்ளி. "குச்சியை நீ தொட வேண்டாம்," என்றார் தனராஜ். "ஜெப்ஸி எடுக்கட்டும். நீ பேரை மட்டும் வாசி. என்கிட்டச் சொல்லாம மறைச்சதுக்கு நாளைக்கு விளக்கம் எழுதிக் கொடு. மாறியிருக்கலாம்னு நீயே வந்து சொன்னதையும் அதே பேப்பர்ல நான் எழுதுவேன். இப்ப வாசி."

சுந்தரி கவச உடைக்குள் நின்றுகொண்டு பட்டியலைப் பிடித்தாள்.

"செந்தூர்வேல்."

"செந்தூர்வேல்," என்றார் அவர், அவள் கண்ணைப் பார்த்து. ஜெப்ஸி டியூப்பை வாசித்தாள், "செந்தூர்வேல்." வாசித்துவிட்டு, "அப்ப அண்ணன் பேரு இதுதானா! ஆறு மாசம் ஆச்சு அக்கா தெரிஞ்சுக்கிட," என்றாள். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். அடுத்து ரகுபீர் சிங் தன் பெயரைத் திருப்பிச் சொன்னான், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல. முடிவு நாளைக் காலையில்தான்.

சுந்தரி உடையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் போனில் ஏழு அழைப்பு. வீடு. எட்டாவதை எடுத்தாள்.

"அம்மா, காத்துல வட்டம் அழிஞ்சிட்டு. தாத்தா திரும்பப் போட்டுத் தந்தாவ. மணி ஆறரை ஆச்சும்மா. வேன் எங்க வருது?"

பத்தடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்றார். போனை அவர் கையில் கொடுக்க முடியாது. ஸ்பீக்கரைப் போட்டு, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிப் பிடித்தாள்.

"ஏ செல்வி!" என்று அவர் கடல் காற்றை மீறிக் கத்தினார். "வட்டத்த அழிய விடாமப் பாத்துக்க மக்களே! அப்பா வாரேன்!"

"எப்பப்பா?"

அவர் சுந்தரியைப் பார்த்தார். சுந்தரி, ஜெப்ஸி ஐஸ் பெட்டியை மூடி ஜீப்பில் ஏற்றுவதைப் பார்த்தாள். உள்ளே இரண்டே இரண்டு டியூப் இருந்தன. போனில் மாமனாரின் இரைப்புச் சத்தம் பக்கத்தில் கேட்டது. "சொல்லு தாயி," என்றார் மாமனார், "எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எப்பன்னு மட்டும் சொல்லு."